துப்பாக்கிக்கு முந்தைய ஒன்றரை மணி நேரம்: எஸ்டோனியப் படம் ‘கிளாஸ்’

எஸ்டோனிய மொழியிலும் ‘கிளாஸ்’ என்றால் வகுப்புதான். இல்மார் ராக் 2007இல் எடுத்த இந்தப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வைக்க முடியாது. வில்லன் என்று ஒருவனைக் காட்டினாலும், படம் முடியும்போது கணக்கு மொத்த வகுப்பின் பெயரில்தான் எழுதப்படுகிறது. ஓடும் நேரம் 99 நிமிடம். நடித்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். கேமரா கையிலேயே இருக்கிறது. பாதிப் படம் பள்ளிக்கூட நடைவழியிலும் உடை மாற்றும் அறையிலும் நடக்கிறது. சின்ன முதலீட்டில் எடுத்த சுயாதீனப் படம். கார்லோவி வாரி திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. அந்த ஆண்டு ஆஸ்கர் வெளிநாட்டு மொழிப் பிரிவுக்கு எஸ்டோனியா அனுப்பியதும் இதைத்தான்.

புதுச்சேரி, கடலூர் பக்கம் ஆசிரியர் கூட்டத்திலோ பெற்றோர் கூட்டத்திலோ திரையிட, பள்ளிக்குள் நடக்கும் கொடுமை பற்றி நல்ல படம் ஒன்று வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம். பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள மட்டும் முடியாது. போடுகிற விதத்தில் தவறினால், படம் சொல்ல வந்ததற்கு நேர் எதிரான ஒன்றைப் பார்வையாளர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த ஆபத்து எங்கே இருக்கிறது என்று சொல்ல முடிவையும் சொல்லியாக வேண்டும். கதை தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

யோசெப் என்றொரு பையன். அதிகம் பேசாதவன், விளையாட்டு வராது. கூடைப்பந்து வகுப்பில் சொதப்புகிறான். வகுப்பு முடிந்ததும் உடை மாற்றும் அறையில் பையன்கள் அவன் துணிகளை உருவி, அப்படியே பெண்கள் அறைக்குள் தள்ளிவிடுகிறார்கள். தலைவன் ஆண்டர்ஸ். அந்தக் கூட்டத்தில் காஸ்பர் என்பவனும் இருக்கிறான். அவனுக்குள் ஏதோ உறுத்துகிறது, அடுத்த முறை குறுக்கே நிற்கிறான். அந்த நொடியிலிருந்து வகுப்புக்கு ஒன்றுக்கு இரண்டு பேர் கிடைத்துவிடுகிறார்கள். அடி, அவமானம், பொய்ப் பழி என்று ஒவ்வொரு நாளும் ஒரு படி ஏறி, கடற்கரையில் நடக்கும் ஒரு கொடூரத்தில் முடிகிறது. மறுபடி பள்ளிக்கு வரும்போது இருவர் கையிலும் துப்பாக்கி. இடம் சாப்பாட்டுக் கூடம்.

இந்தக் கடைசிப் பகுதியை வைத்துத்தான் படம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆனால் ஆசிரியரோ பெற்றோரோ உட்கார்ந்து பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தை.

பின்லாந்து ஆய்வாளர் கிறிஸ்டினா சல்மிவல்லியும் அவருடைய குழுவும் 1996இல் ஒரு விஷயத்தை எடுத்து வைத்தார்கள்: பள்ளிக் கொடுமையில் அடிப்பவன், அடிபடுபவன் என்று இரண்டு பேர் மட்டும் இல்லை. முன்னின்று நடத்துபவன், அவனுக்குக் கைகொடுப்பவன், சிரித்தும் கைதட்டியும் தூண்டுபவன், கண்டுகொள்ளாமல் விலகி நிற்பவன், குறுக்கே வருபவன் என எல்லோருக்கும் அதில் வேலை உண்டு. ‘கிளாஸ்’ படத்தை ஒருமுறை இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஆண்டர்ஸ் நேரடியாக அடிப்பதைவிட மற்றவர்களை அடிக்க வைப்பதே அதிகம். அவன் கண்ணால் கேட்பான், பக்கத்திலிருப்பவன் செய்வான், பின்னால் நிற்பவன் சிரிப்பான். சிரிப்பு நின்றால் அங்கே விளையாட்டும் நின்றுவிடும். இயக்குநர் கேமராவை அடிக்கும் கையிலிருந்து எடுத்து, சுற்றி நிற்கும் முகங்கள் மேல் கொண்டுபோவதன் காரணம் அதுதான். காஸ்பர் பட்டியலின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடக்கிறான். அந்த நடைக்கு வகுப்பு அவனிடம் என்ன விலை வாங்குகிறது என்பதே படத்தின் முதுகெலும்பு.

ஆண்டர்ஸ் ஏன் இப்படி ஆனான் என்று படம் விளக்கம் தேடவில்லை. வீட்டில் கொடுமை, குடிகார அப்பா என்று ஒரு கதையைக் கொடுத்திருந்தால் பார்ப்பவர்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கொடுக்காதது சரியான முடிவு. காஸ்பரின் தோழி தேயா விஷயத்தில்தான் திரைக்கதை தடுமாறுகிறது. அவள் பக்கம் மாறுவது கதைக்குத் தேவை, அதனால் மாறுகிறாள். அவளுக்குள் என்ன ஓடுகிறது என்று எட்டிப் பார்க்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பெண் பிள்ளைகள் எல்லோருமே ஓரத்தில் நிற்கிறார்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டிய பெண் பிள்ளைகளிடம் கொடுமை பெரும்பாலும் பேசாமல் ஒதுக்குவது, வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து தூக்குவது என்ற வடிவில்தான் நடக்கிறது. அதை இந்தப் படத்தில் தேடக் கூடாது.

பெரியவர்கள் வரும் காட்சிகளில்தான் படம் மிகக் கூர்மையாக இருக்கிறது. கெட்டவர் என்று சொல்ல அவர்களில் ஒருவரும் இல்லை. யோசெப்பின் அப்பாவுக்கு ஆயுதம், ராணுவம் என்றால் பிடிக்கும். மகனுக்கு அவர் சொல்லும் வழி: திருப்பி அடி. “அடி வாங்கிட்டு வீட்டுக்கு வராத” என்று நம்மூர் அப்பாக்கள் சொல்வதும் இதே அன்பில்தான். ஆனால் எதிரில் நிற்பது ஒருவன் இல்லை, ஒரு வகுப்பு என்பதை அந்த அறிவுரை கணக்கில் எடுப்பதே இல்லை. காஸ்பரின் பாட்டி பாசக்காரி, ஆனால் பேரன் வாய் திறக்க மாட்டான். பள்ளி விசாரிக்கும்போது வகுப்பு ஒரே குரலாகிவிடுகிறது. எல்லோர் முன்னாலும் வைத்து விசாரிப்பதில் இருக்கும் பிழை இதுதான். பாதிக்கப்பட்டவன் உண்மையைச் சொன்னால் ‘போட்டுக் கொடுத்தவன்’ ஆவான், சொல்லாவிட்டால் விசாரணை முடிந்துவிடும். இரண்டு வழியிலும் மறுநாள் அடி கூடும். ஆசிரியர் கூட்டத்தில் படத்தை நிறுத்திப் பேச ஒரே ஓர் இடம்தான் வாய்க்கும் என்றால் இந்த இடத்தில் நிறுத்துங்கள். தனித்தனியாக, ஒரே நேரத்தில், வெவ்வேறு அறைகளில் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி அங்கே தானாகவே எழும்.

நம் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் பிள்ளைகள் புகாரைச் சீட்டில் எழுதிப் போட ‘மாணவர் மனசு’ பெட்டி வைத்திருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. அந்தப் பெட்டி தலைமையாசிரியர் அறை வாசலில், நாலு பேர் பார்க்கும் இடத்தில் தொங்கினால் அதில் சீட்டு விழாது. தண்ணீர் குடிக்கும் இடத்துக்கோ நூலகத்துக்கோ போகும் வழியில், ஆள் பார்வை படாத மூலையில் வைத்தால் விழும்.

இனி கடற்கரை. இரண்டு பேரையும் ஏமாற்றி வரவழைத்து, கத்தி முனையில் ஒருவரை வைத்து மற்றவரைப் பாலியல்ரீதியாக அவமானப்படுத்திப் படமெடுக்கிறார்கள். கடலூர் வெள்ளிக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை சுண்டலும் குழந்தைகளுமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஆளே இல்லாத அந்த பால்டிக் கரையின் சாம்பல் வெளிச்சமே வயிற்றைப் பிசையும். காட்சி நீளம். உடலைக் காட்டுவதைக் காட்டிலும் முகங்களைக் காட்டுகிறது. ஆனாலும் இந்த அனுபவம் உள்ளவர்கள் பார்வையாளர்களில் இருக்கலாம் என்பதை நினைவில் வைத்து, காட்சிக்கு முன் இடைவேளை விட வேண்டும். என்ன வரப்போகிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். வெளியே போக நினைப்பவர் யாரும் கவனிக்காமல் போகும்படி கதவுப் பக்கம் விளக்கு எரிய வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ள மாணவர்களுக்கு இந்தப் படம் வேண்டாம். ‘விழிப்புணர்வு’ என்ற பெயரில் ஒன்பதாம் வகுப்பை மொத்தமாக உட்காரவைத்துப் போடுவதைவிட மோசமான யோசனை இல்லை. அந்த வகுப்பிலேயே ஒரு யோசெப் இருப்பான். கடற்கரைக் காட்சி முடியும் முன்பே அவனுக்குப் புதுப் பட்டப்பெயர் வைத்திருப்பார்கள்.

சுட்டுத் தள்ளும் பகுதிக்கு வருவோம். இயக்குநர் இதை வீரமாக எடுக்கவில்லை. பின்னணி இசை தூக்கிக் கொடுக்காது, மெதுவாக நடந்து வரும் நாயக நடை கிடையாது. சுடுகிறவர்களும் நடுங்குகிறார்கள். இருந்தும் ஒரு குறை இருக்கிறது. எண்பது நிமிடத்துக்கு மேல் பார்வையாளரின் கையைக் கட்டிப்போட்டு அடி வாங்க வைத்துவிட்டு, அதன் பிறகு துப்பாக்கியைக் கொடுத்தால், எவ்வளவு அடக்கி எடுத்தாலும் நெஞ்சுக்குள் ஒரு விடுதலை வந்துவிடும். இடைவேளைக்குப் பிறகு நாயகன் பழி வாங்குவதைப் பார்த்து விசில் அடித்தே வளர்ந்தவர்கள் நாம். நம் கூட்டத்தில் அந்த விசில் வரும் சாத்தியம் மற்ற இடங்களைவிட அதிகம். கடற்கரைக்கும் துப்பாக்கிக்கும் நடுவே இயக்குநர் இன்னும் கொஞ்சம் நேரம் விட்டிருக்கலாம். இப்போது இருக்கிறபடி பார்த்தால், அவமானத்தின் அடுத்த வாசல் கொலைதான் என்பதுபோல ஒரு நேர்க்கோடு விழுகிறது. நிஜத்தில் அடி வாங்கும் பிள்ளைகள் பெரும்பாலும் கை நீட்டுவது தங்கள் மேலேயே. பள்ளிக்குப் போக மாட்டேன் என்பார்கள், திங்கட்கிழமை காலையில் வயிற்று வலி வரும், மதிப்பெண் விழும், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வார்கள். படத்தின் கடைசிச் சட்டகங்களிலும் ஒரு தற்கொலை உண்டு. இருவரும் சேர்ந்து சாவது என்று எண்ணுகிறார்கள். யோசெப் சுட்டுக்கொள்கிறான், காஸ்பர் சுட்டுக்கொள்ளவில்லை. அவன் அப்படியே நிற்பதோடு படம் முடிகிறது.

நம் ஊர் உண்மை இதிலிருந்து விலகும் இடம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இங்கே இந்தப் படத்தைப் போடக் கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். பட்டியலின மாணவன் ஒருவன் சக மாணவர்களின் தொல்லையால் பள்ளிக்குப் போகாமல் நின்றான். ஆசிரியர் கேட்டதும் புகார் சொன்னான். புகாருக்கு உள்ளானவர்கள் வீடு தேடி வந்து அவனையும் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். ‘கிளாஸ்’ படத்தில் ஆயுதம் அடிபட்டவன் கைக்குப் போகிறது. இங்கே புகார் சொன்னவன் மேல் பாய்ந்தது. எஸ்டோனியப் படத்தில் சாதி இல்லை, அதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் நம் வகுப்பறையில் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே யார் ஆண்டர்ஸ், யார் யோசெப் என்று முதல் நாளே பிரித்துவிட முடியும். அந்தச் சம்பவத்தை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னதும் அதனால்தான். கலந்துரையாடலில் பேசுபவர் இதைத் தொடாமல் போனால், கூட்டம் “அது வெளிநாட்டுச் சமாச்சாரம்” என்று கையைத் தட்டிவிட்டு எழுந்துவிடும்.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1996இல் சிதம்பரத்தில் மருத்துவம் படித்த மாணவர் ஒருவர் சீனியர் மாணவரால் கொல்லப்பட்டார். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் அதன் விளைவு. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் ராகிங் என்ற சொல் கல்லூரியோடும் விடுதியோடும் ஒட்டிக்கொண்டது. பள்ளியில் நடப்பதற்கு நம்மிடம் நாவில் புழங்கும் பெயர் இல்லை. ‘பகடிவதை’ என்று எழுதுகிறோம், எந்தப் பிள்ளையும் அந்தச் சொல்லோடு வீட்டுக்கு வராது. “என்ன ஓட்டுறாங்கம்மா”, “கலாய்க்கிறாங்க” என்றுதான் வரும். அதற்கு வீட்டில் கிடைக்கும் பதில், “விளையாட்டுக்குத்தான்டா, நீயும் சிரிச்சிட்டுப் போ.”

திரையின் கீழே ஓடும் வசன வரிக்கும் (சப்டைட்டில்) இது பெரிய சிக்கல். ஆங்கில வரிகளோடு போட்டால் பெற்றோர் கூட்டத்தில் பாதிப் பேர் பத்து நிமிடத்தில் கைபேசிக்குப் போய்விடுவார்கள். ஆகவே தமிழில் வரி எழுதியே ஆக வேண்டும். ஆங்கில வரியிலிருந்து மொழிபெயர்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எஸ்டோனிய மொழியில் நம் ‘நீ’, ‘நீங்கள்’ மாதிரியே இரண்டு உண்டு: ‘சினா’, ‘தெயெ’. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். காதில் ‘தெயெ’ விழும் இடத்தில் ‘நீங்க’ போட்டால், ஆசிரியர் முன் குழைந்து அவர் திரும்பியதும் மாறும் குரல் தமிழில் அப்படியே வந்துவிடும். இரண்டாவது, வசவு. ஆண்டர்ஸ் கூட்டம் இரண்டு பையன்களையும் ஓரினச்சேர்க்கையாளர்கள் என்று சொல்லித்தான் இழிவுபடுத்துகிறது. அதை ‘கோழை’ என்று மென்மையாக்கினால் கடற்கரையில் அவர்கள் ஏன் குறிப்பாக அதைச் செய்ய வைக்கிறார்கள் என்பது புரியாமல் போகும். நம் பள்ளி மைதானத்தில் புழங்கும் ‘ஒம்போது’ என்ற சொல்லே அதற்கு இணை. போடத்தான் வேண்டும். அந்தச் சொல் யாரைக் காயப்படுத்துகிறது என்பதைப் படத்துக்கு முன் இரண்டு நிமிடம் பேசுங்கள்.

வரிக்கு 30 முதல் 35 எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரி, திரையில் குறைந்தது இரண்டு விநாடி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அதனால் ஆங்கில வரியை அப்படியே பெயர்த்தால் கீழ்ப்பகுதி முழுக்க எழுத்தாகிவிடும். பேச்சுத் தமிழில் எழுதினால் தானாகவே சுருங்கும். கோப்பை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள், இல்லாவிட்டால் திரையில் கேள்விக்குறிகளாக வரும். புரொஜெக்டரின் யூஎஸ்பி துளையில் நேரடியாகப் பென்டிரைவைச் செருகி ஓட்ட வேண்டாம். பல கருவிகளுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டத் தெரியாது, கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக நிற்கும். மடிக்கணினியில் விஎல்சி என்ற படம் ஓட்டும் மென்பொருளைப் போட்டு, வசன வரி அமைப்பில் எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழ் என்று மாற்றி ஓட்டினால் ஒழுங்காக வரும்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு கோளாறு: முதல் காட்சியில் வரிகள் சரியாக இருக்கும், போகப் போக விலகும். ஐரோப்பியப் பிரதிகள் பெரும்பாலும் விநாடிக்கு 25 சட்டகம் (ஃப்ரேம்), மற்ற பிரதிகள் 23.976. ஒன்றுக்குச் செய்த வரியை மற்றொன்றில் போட்டால் நான்கு சதவீதத்துக்கு மேல் வேறுபாடு. அரை மணியில் ஒன்றேகால் நிமிடம், படம் முடியும்போது நான்கு நிமிடம். விஎல்சியில் ஜி, ஹெச் பொத்தான்களை அழுத்தித் தள்ளுவது இதற்கு மருந்தாகாது, அது எல்லா வரியையும் ஒரே அளவு நகர்த்தும். சப்டைட்டில் எடிட் மென்பொருளில் சட்டக வேகத்தை மாற்றும் வசதி உண்டு. பழைய எண், புதிய எண் இரண்டையும் கொடுத்துச் சேமித்து, முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் சரிபாருங்கள். இரண்டும் பொருந்தினால் நடுவிலும் பொருந்தும்.

ஒலிக்கும் ஒத்திகை வேண்டும். உடை மாற்றும் அறையில் முணுமுணுப்பாகப் பேசுகிறார்கள். கூடத்தில் எட்டு மின்விசிறி சுழன்றால் ஒன்றும் கேட்காது என்று ஒலியைக் கூட்டி வைப்பீர்கள், கடைசியில் துப்பாக்கிச் சத்தம் காதைப் பிளக்கும். விஎல்சியின் ஒலி விளைவுகளில் ‘கம்ப்ரெஸர்’ இருக்கிறது, அதைப் போட்டால் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். புதுச்சேரி கம்பன் கலையரங்கம் மாதிரிப் பெரிய இடத்தைத் தேட வேண்டாம். நாற்பது, ஐம்பது பேர் வட்டமாக உட்காரக்கூடிய அறை போதும். கூட்டம் பெரிதானால் யாரும் வாய் திறப்பதில்லை. உரிமம் வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இந்தியாவில் தணிக்கைச் சான்று இல்லாத பிரதியைப் பொதுமக்களுக்குத் திரையிட முடியாது, 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் அதைத் தடுக்கிறது. பதிவு பெற்ற திரைப்படச் சங்கத்தோடு சேர்ந்து, என்ன அனுமதி தேவை என்று முன்பே கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

படம் முடிந்ததும் பேச குறைந்தது 40 நிமிடம் ஒதுக்குங்கள். மனநல ஆலோசகர் ஒருவர் அறையில் இருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல உதவி எண் 14416 இரண்டையும் பெரிதாக எழுதி வெளியே போகும் கதவில் ஒட்டுங்கள், மேடையில் ஒட்டினால் யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள். துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்பவர்களுக்கு, இதே இயக்குநரின் கதையிலிருந்து 2010இல் ஏழு பகுதித் தொலைக்காட்சித் தொடர் ஒன்று வந்தது என்று சொல்லலாம். உயிரோடு மிஞ்சியவர்களின் வாழ்க்கை அது. ஆசிரியர் பயிற்சிக்கு வாரம் ஒரு பகுதி என்று அதையும் எடுத்துக்கொள்ளலாம்.

பேச்சைத் தொடங்க முடிவிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். துப்பாக்கி சரியா தவறா என்று ஆரம்பித்தால் பட்டிமன்றமாகிவிடும். எல்லோருக்கும் ஒரு சிறு சீட்டு கொடுங்கள். தொடக்கத்தில், யோசெப்பின் துணியை உருவும்போது அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், அதில் எத்தனை பேர் கை அவன் மேல் பட்டது, இரண்டு எண்ணை மட்டும் எழுதச் சொல்லுங்கள். சீட்டுகளை வாங்கி எண்களைப் பலகையில் எழுதுங்கள். பிறகு விளக்கை அணைத்து, அந்தக் காட்சியை மறுபடி ஒருமுறை ஓட்டுங்கள்.